சொல்லிச் செய்த சிம்னி சரியாக இழுக்காவிட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடையில் பெட்டியோடு வாங்கும் சிம்னியில் குறை வந்தால் விற்றவரைக் கூப்பிடலாம். சமையலறையின் அளவுக்கேற்பப் பட்டறையில் ஸ்டீல் தகட்டை வளைத்து ஹூட் (அடுப்புக்கு மேல் கவிந்து நிற்கும் கூடு) செய்து, அதற்குள் தனியாக வாங்கிய புளோயரைப் (காற்றை இழுத்துத் தள்ளும் மோட்டார் விசிறி) பொருத்தியிருந்தால் அந்த வசதி இல்லை. பட்டறைக்காரர் புளோயரைக் குறை சொல்வார். புளோயர் விற்றவர், புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்டைப் போட்டவரைக் குறை சொல்வார். டக்ட் போட்டவர் சுவரில் ஓட்டை போட்ட கொத்தனாரைக் கை காட்டுவார். கொத்தனாரோ கணக்கு முடித்துக்கொண்டு எப்போதோ போயிருப்பார். குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று வீட்டுக்காரரே கண்டுபிடித்துச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்பதால், சமையலறைகளை வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த குறைகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "மோட்டார் பவர் போதவில்லை, பெரியதாக மாற்றிவிடுங்கள்" என்ற பேச்சைக் கேட்டுப் பணம் செலவழித்துவிட்டு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் குறை மோட்டாரில் இருந்ததே இல்லை.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

ஒரு செய்தித்தாள் துண்டு, ஓர் ஊதுபத்தி, ஓர் இஞ்ச் டேப் ஆகியவை போதும். சோதனைக்கு முன் ஃபில்டரைக் கழற்றி, கழுவி, நன்றாகக் காயவைத்துத் திரும்ப மாட்டிவிட வேண்டும். அழுக்கு ஃபில்டரோடு செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது.

முதலாவதாக, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டுக் காகிதத்தை ஃபில்டரின் அடியில் பிடித்துக் கையை விட வேண்டும். காகிதம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, அடுப்பை அணைத்துவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை ஹூட்டின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே பிடித்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரையும் முன்விளிம்பு நெடுகவும் மெதுவாக நகர்த்த வேண்டும். புகை எந்த இடத்தில் உள்ளே போகிறது, எந்த இடத்தில் தயங்கி வெளியே வழிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதாக, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, புளோயரின் வாயிலிருந்து டக்டைக் கழற்றி வைத்துவிட்டு, மறுபடி இணைப்புக் கொடுத்துக் காகிதச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

டக்ட் மாட்டியிருக்கும்போதே காகிதம் நன்றாக ஒட்டி, ஊதுபத்திப் புகை மட்டும் விளிம்பில் வழிந்தால் குறை ஹூட்டின் வடிவத்தில் இருக்கிறது. டக்ட் மாட்டியிருக்கும்போது விழுந்த காகிதம், டக்டைக் கழற்றியதும் பட்டென்று ஒட்டினால் குறை டக்டில் இருக்கிறது. கழற்றியும் ஒட்டாவிட்டால் மட்டுமே மோட்டாரையும் புளோயரையும் பற்றி யோசிக்க வேண்டும்.

காகிதம் ஒட்டுகிறது, ஆனாலும் புகை முன்பக்கமாகத் தப்பி வருகிறது

சொல்லிச் செய்யும் சிம்னிகளில் நான் மிக அதிகமாகக் காணும் குறை இதுதான். எந்த மோட்டாரைப் போட்டாலும் தீராத குறையும் இதுதான். அடுப்பிலிருக்கும் புகையைச் சிம்னி எட்டிப் பிடித்து உறிஞ்சுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உறிஞ்சும் வாயை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனாலே இழுப்பின் வேகம் சரிந்துவிடும் என்பதற்கு நம் வாயே சாட்சி: ஒரு முழத் தூரத்தில் எரியும் அகல்விளக்கை ஊதி அணைக்க முடியும், மூச்சை உள்ளே இழுத்து அணைக்க முடியாது. சூடான புகை தானாகவே மேலே ஏறி வருகிறது. வந்த புகையை வெளியே வழியவிடாமல் தாங்கி, புளோயர் எடுத்துத் தீர்க்கும் வரை வைத்திருப்பதே ஹூட்டின் வேலை. அப்படித் தாங்குவதற்கு அது அடுப்பை மூடி நிற்கும் அளவுக்கு அகலமாகவும், ஆழமாகவும், உட்புறம் குழிவாகவும் இருக்க வேண்டும்.

அகலத்தில் பெரும்பாலும் தவறு நேர்வதில்லை. ஹாபின் (மேடையில் பதிக்கும் அடுப்பு) இருபுறமும் 3 அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். தவறு நேர்வது முன்பின் ஆழத்தில்தான். 24 அங்குல மேடையில் ஹாபைப் பதித்தால் முன் பர்னரின் நடு, பின்சுவரிலிருந்து ஏறத்தாழ 16 அங்குலத்தில் அமையும். அதன்மேல் 12 அங்குலத் தோசைக்கல்லை வைத்தால் கல்லின் முன்விளிம்பு 22 அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. ஹூட்டின் ஆழம் 18 அங்குலமாக இருந்தால், கல்லின் முன்பகுதியிலிருந்து எழும் ஆவிக்கு மேலே கூரையே இல்லை என்று பொருள்.

திருவான்மியூரில் ஓர் அடுக்ககத்தில் இந்தக் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. மேல் அலமாரிகளின் முகப்போடு சிம்னியும் ஒரே கோடாக, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் விரும்பியிருந்தார். அலமாரியின் ஆழம் 14 அங்குலம், ஆகவே ஹூட்டும் 14 அங்குலம். மணிக்கு ஆயிரம் கன மீட்டர் காற்றைத் தள்ளும் புளோயரைக் கழற்றிவிட்டு 1400 போட்டும் தாளிக்கும்போது கூடத்தில் இருப்பவர்கள் இருமினார்கள். அலமாரிக் கதவின் அடிவிளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். நடுவில் இரண்டடி அகலத்துக்கு மட்டும் பழுப்பு நிறத்தில், தேன் போலப் பிசுபிசுத்து, எண்ணெய் முத்துமுத்தாகத் திரண்டிருந்தது. இருபுறமும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. புகை எந்த வழியாகத் தப்புகிறது என்பதை அந்தக் கதவே எழுதி வைத்திருந்தது. சமைக்கும்போது மட்டும் முன்னால் இழுத்துக்கொள்ளும்படி 9 அங்குல ஸ்டீல் தட்டு ஒன்றைச் சறுக்குச் சட்டத்தில் மாட்டி, இரண்டு ஓரங்களிலும் 3 அங்குல உயரத்துக்குத் தகட்டுக் கரை கட்டினோம். புளோயர் அதே புளோயர்தான். இரண்டாம் வேகத்திலேயே வேலை செய்கிறது.

உட்குழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைந்த கண்ணாடி வைத்த ஹூட்டும், அடிப்பாகம் மேசைப்பலகை போலத் தட்டையாக இருக்கும் ஹூட்டும் பார்வைக்கு அழகாக இருக்கும்; ஆனால் வற்றல் மிளகாயை எண்ணெயில் போட்ட நொடியில் கிளம்பும் புகைத்திரளைத் தேக்கி வைக்க அவற்றில் இடமே இல்லை. ஃபில்டரின் மட்டத்துக்குக் கீழே நாலு புறமும் 4 அங்குலமாவது கரை இறங்கியிருந்தால் அந்தத் திரள் அங்கே நின்று, இரண்டு மூன்று நொடிகளில் இழுக்கப்பட்டுவிடும். ஏற்கெனவே செய்துவிட்ட தட்டை ஹூட்டில் விளிம்பைச் சுற்றி ஒரு பட்டைத் தகடு அடிப்பது அரைநாள் வேலை.

உயரம் அடுத்தது. ஹாபின் மேல்மட்டத்திலிருந்து ஹூட்டின் அடிவரை 26 முதல் 30 அங்குலம் என்பது நடைமுறையில் சரியாக வரும் அளவு. வீட்டில் உயரமானவர் ஒருவர் தலை இடிக்கிறது என்று சொன்னதும் அதை 36 அங்குலத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஏற ஏறப் புகை விரியும் என்பதால், உயர்த்திய அளவுக்கு ஹூட்டையும் பெரிதாக்கியிருக்க வேண்டும். தலை இடிப்பதற்குச் சரியான மருந்து, முன்விளிம்பை மட்டும் மேலே தூக்கிச் சாய்வாகச் செய்வது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் புகை தப்பினால் மின்விசிறியைப் பாருங்கள். கூடமும் சமையலறையும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீடுகளில், சாப்பாட்டு மேசைக்கு மேலே ஓடும் சீலிங் ஃபேனின் காற்று தரையோடு வந்து மேடையில் மோதி, ஏறி வரும் புகையைக் கலைத்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தியைத் திரும்பப் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுப்புக்கு நேர் பின்னாலோ பக்கத்திலோ உள்ள ஜன்னலும் இதே கெடுதலைச் செய்யும்.

டக்டைக் கழற்றினால் இழுக்கிறது, மாட்டினால் இழுக்கவில்லை

பெட்டியின்மேல் மணிக்கு 1200 கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் புளோயர் எதிர்ப்பே இல்லாமல் திறந்த வெளியில் தள்ளும் அளவு. குழாய், வளைவு, வலை, மூடி என்று ஒவ்வொன்றாக எதிரே நிறுத்தும்போது அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். வட அமெரிக்காவில் ஹோம் வென்டிலேட்டிங் இன்ஸ்டிட்யூட் என்னும் அமைப்பு, சுவரோரமாக உள்ள அடுப்புக்கு, அதன் அகலத்தில் ஓர் அடிக்கு நிமிடத்துக்கு 100 கன அடி, நடுமேடையில் உள்ள அடுப்புக்கு 150 கன அடி என்று பரிந்துரைக்கிறது. இரண்டரை அடி ஹாபுக்கு இது மணிக்கு 425 கன மீட்டர்தான். நம் தாளிப்புக்கும் வறுவலுக்கும் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டாலும் 640-ஐத் தாண்டாது. அந்த 640 உண்மையில் வெளியே போய்ச் சேர்ந்தால் வீட்டில் நெடி நிற்காது. 1200 என்று எழுதிய புளோயர் அதைக்கூட வெளியே சேர்க்க முடியாமல் திணறுவதற்குக் காரணம் வழியில் இருக்கிறது.

முதலில் சுவரில் உள்ள ஓட்டையை அளக்க வேண்டும். புளோயரின் வாய் 6 அங்குலம். சுவரிலோ பழைய 4 அங்குலக் குழாய்க்குப் போட்ட ஓட்டை இருந்ததால் குழாயைக் குறுக்கும் ஒரு ரெட்யூசரை மாட்டி இணைத்திருப்பார்கள். 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம், 4 அங்குலத்துடையது பன்னிரண்டரை. அதே காற்று பாதிக்கும் குறைவான வழியில் போக வேண்டுமானால் வேகம் இரண்டேகால் மடங்காகிறது. ஒரே நீளக் குழாயில் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏழு மடங்குக்கு மேல் ஆகிறது. பெரிய மோட்டார் போட்டால் சத்தம்தான் பெரிதாகும். சுவரில் கோர் கட்டிங் (இயந்திரத்தால் வட்டமாகத் துளையிடுவது) செய்து 6 அங்குலமாக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. இரண்டு 4 அங்குலக் குழாய்களை இணையாக விட்டால் ஈடாகும் என்று சிலர் சொல்வதுண்டு. பரப்பைக் கூட்டினால் 25 சதுர அங்குலம் வருகிறதே தவிர, இரண்டிலும் சுவரோர உராய்வு தனித்தனியே உண்டு என்பதால் கணக்கு நேராவதில்லை.

அடுத்து, லாஃப்டுக்குள்ளும் மரப்பெட்டிக்குள்ளும் மறைந்திருக்கும் டக்டை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். அலுமினிய ஃபிளெக்ஸிபிள் டக்ட் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று தச்சர் அதைத் தட்டி நசுக்கிப் பலகையை ஆணியடித்து மூடியிருப்பது சாதாரணமாக நடக்கிறது. வேறு சில வீடுகளில் 5 அடித் தொலைவுக்கு 10 அடி டக்டை வெட்டாமல் அப்படியே சுருக்கி உள்ளே திணித்திருப்பார்கள். துருத்தி போன்ற மடிப்புகள் ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கும், எண்ணெயையும் பிடித்து வைக்கும். ஃபிளெக்ஸிபிள் டக்டை முழுவதும் இழுத்து, தேவையான நீளத்துக்கு வெட்டிப் போட வேண்டும்; முடிந்தால் அதையும் விட்டுவிட்டு உட்புறம் வழவழப்பான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) உருளைக் குழாய் போட வேண்டும். பி.வி.சி. குழாய் மலிவு, வழவழப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் அடுப்பிலிருந்து தீ ஒருமுறை மேலே தாவினால் முதலில் இளகி விழுவது அதுவாகத்தான் இருக்கும் என்பதால் நான் அதைப் போடுவதில்லை.

வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். தவிர்க்க முடியாத வளைவைக் கூர்மையான எல்போவால் செய்யாமல், நீண்டு வளையும் பெண்டாலோ, இடையில் ஒரு சாண் நேர்க்குழாய் விட்ட இரண்டு 45 பாகை எல்போக்களாலோ செய்தால் இழப்பு வெகுவாகக் குறையும். குறிப்பாக, புளோயரின் வாயை விட்டு வெளியே வந்த காற்று முதல் ஓர் அடியாவது நேராகப் போக வேண்டும்.

கடைசியாக வெளிமுனை. எலி வரும், கொசு வரும் என்று அங்கே கொசுவலையை ஒட்டியிருந்தால், ஓர் ஆண்டுக்குள் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கம்பளி போல மூடிக்கொண்டிருக்கும்; ஏணி போட்டு ஏறிப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது. வலை வேண்டுமென்றால் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை போதும். காற்று திரும்பி வராமல் தடுக்கும் ஃபிளாப் புதிதாக வரும்போது ஆடாமலிருக்க ஒட்டியிருக்கும் டேப்பை எடுக்காமலே டக்டை மாட்டிவிட்டுப் போன கதையும் உண்டு. என் மேற்பார்வையிலேயே ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது, இரண்டு நாள் மோட்டாரையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

ஜன்னலைத் திறந்தால் நன்றாக இழுக்கிறது, மூடினால் திணறுகிறது

இதில் சிம்னியின் குற்றம் ஒன்றுமில்லை. 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரமுள்ள சமையலறையில் ஏறத்தாழ 23 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. மணிக்கு 1200 கன மீட்டர் வெளியே போனால் நொடிக்கு 330 லிட்டர் உள்ளே வந்தாக வேண்டும். பழைய மர ஜன்னல்களின் இடுக்குகள் அந்த வேலையைப் பேசாமல் செய்துகொண்டிருந்தன, யு.பி.வி.சி. ஜன்னலும் ரப்பர் பட்டை வைத்த கதவும் வந்த பிறகு காற்றுக்கு வழியில்லை. சமையலறைக் கதவை மூடிக்கொண்டு சமைக்கும்போது கதவைத் திறப்பதற்கு வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டியிருந்தால் நோய் இதுதான் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

அடுப்பிலிருந்து தள்ளி, எதிர்ப்புறமாக உள்ள ஒரு ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து வைத்தால் தீர்ந்தது. புதிதாகக் கட்டுபவர்கள் சமையலறைக் கதவின் அடிப்பகுதியில் சாய்பலகைத் திறப்பு வைத்துக்கொள்ளலாம்.

இந்த அறிகுறியை அலட்சியப்படுத்தக் கூடாத வீடு ஒன்று உண்டு. சமையலறையிலோ அதையொட்டிய சர்வீஸ் ஏரியாவிலோ குளியலறையிலோ கேஸ் கீசர் இருக்குமானால், காற்றுக்கு ஏங்கும் சிம்னி, கீசரின் புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும். வெளியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பி வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அத்தகைய வீட்டில் ஜன்னலைத் திறக்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடவே கூடாது.

சத்தம் தாங்க முடியவில்லை

எந்த மாதிரிச் சத்தம் என்று கேட்க வேண்டும். சீழ்க்கை போலவோ, இரைச்சலான காற்றொலியாகவோ இருந்தால் குறுகிய டக்டோ, ஃபிளாப் பாதி திறந்து நிற்பதோ காரணம். மேலே சொன்ன டக்ட் வேலைகளைச் செய்தால் இது போய்விடும். கடகடவென்ற அதிர்வாக இருந்தால் ஹூட்டின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் சத்தம் அடங்கினால் தகடு மெல்லியது என்று பொருள். 22 கேஜ் தகட்டில், அதாவது 0.7 மி.மீ. கனத்தில், மூன்றடி அகலப் பெட்டி செய்தால் அது உடுக்கை போல அதிரத்தான் செய்யும். 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ., போட்டிருக்க வேண்டும். செய்து முடித்ததைக் காப்பாற்ற, தகட்டின் பின்புறம் குறுக்கே ஒரு மடிப்புப் பட்டையை வெல்டிங் செய்து, புளோயரை நேரடியாகத் தகட்டில் முடுக்காமல் இடையில் ரப்பர் புஷ் வைத்து மாட்டினால் பெருமளவு அடங்கும்.

மெதுவாகத் தொடங்கி நாளாக நாளாகக் கூடும் உறுமல் பேரிங் தேய்வதைக் காட்டும். திடீரென்று வந்த தடதடப்பு, புளோயர் சக்கரத்தின் இறக்கைகளில் எண்ணெய்க்கட்டி ஒருபக்கமாகப் படிந்து எடைச் சமநிலை கெட்டுப்போனதால் பெரும்பாலும் வருவது. சக்கரத்தைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

எண்ணெய் சொட்டுகிறது

ஃபில்டரிலிருந்து நேராக வாணலியில் சொட்டினால், ஃபில்டர் படுக்கையாக வைக்கப்பட்டிருக்கிறது. வளைந்த தகட்டு வரிகளால் ஆன பாஃபிள் ஃபில்டர் காற்றைச் சட்டென்று திருப்பிவிடும்போது எடையுள்ள எண்ணெய்த் துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய எண்ணெய் வழிந்து ஓரத்துக் கால்வாயில் இறங்க வேண்டுமானால் ஃபில்டர் சாய்ந்திருக்க வேண்டும். ஓட்டல் சமையலறைகளுக்கான அமெரிக்கத் தீத்தடுப்பு விதி 45 பாகைக்குக் குறையாத சாய்வைக் கேட்கிறது. வீட்டில் அவ்வளவு உயரம் கிடைக்காது என்றாலும், 30 பாகையாவது கொடுத்து, தாழ்ந்த விளிம்பில் கழற்றக்கூடிய எண்ணெய்த் தட்டு வைத்தால் சொட்டுவது நிற்கும். பாஃபிளின் வரிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி மாட்ட வேண்டும். குறுக்காக மாட்டினால் சாய்வு எவ்வளவு இருந்தாலும் எண்ணெய் வரிக்குள்ளேயே தங்கி நிரம்பி வழியும். கழுவி மாட்டும் பெண்மணி ஒரு வாரம் சரியாகவும் மறுவாரம் திருப்பியும் மாட்டுவதால் "சில நாள் சொட்டுகிறது, சில நாள் சொட்டவில்லை" என்று புகார் வருவதுண்டு. சதுரமாகச் செய்யாமல் நீள்சதுரமாகச் செய்துவிட்டால் தவறாக மாட்டவே முடியாது.

ஹூட்டின் மூலையிலிருந்து கசிந்தால் வெல்டிங் இடைவெளி காரணம். பட்டறைக்காரர்கள் அங்கங்கே புள்ளி வைத்துப் பற்றவைத்துவிட்டு, இடையை சிலிக்கானால் அடைத்துவிடுவார்கள். சூடும் எண்ணெயும் பட்டு அது உரிந்து வந்துவிடும். உள்மூலைகள் முழுநீளமும் பற்றவைக்கப்பட வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஃபில்டர் கழுவும் முறையிலும் ஒரு எச்சரிக்கை தேவை. ஸ்டீல் பாஃபிளைக் கொதிநீரில் சலவைச் சோடா போட்டு அரைமணி ஊறவைக்கலாம். அலுமினிய வலை ஃபில்டரை அதே நீரில் போட்டால் கறுத்துப் போகும். அதற்குப் பாத்திரம் துலக்கும் திரவமே போதும். கரி ஃபில்டரைக் கழுவவே முடியாது, மாற்றத்தான் முடியும்.

மழைநீரோ அடுத்த வீட்டு வாசனையோ உள்ளே வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஒழுகினால் வெளிமுனை வடகிழக்கைப் பார்த்திருக்கும். டக்ட் வெளிப்புறம் நோக்கி அடிக்கு ஒரு செ.மீ. வீதம் தாழ்ந்து போக வேண்டும். பல வீடுகளில் அது உட்புறமாகத் தாழ்ந்து, வெளிமுனையில் விழும் மழைநீரை வரவேற்றுப் புளோயருக்குள் கொண்டு வருகிறது. சரிவைத் திருத்தி, கீழ்நோக்கி வளைந்த கவுல் கவரை மாட்ட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் மழையே இல்லாமலும் நீர் சொட்டும். குளிர்ந்த டக்டில் சாதம் வேகும் ஆவி பட்டுத் திரும்ப நீராவதே காரணம்; அங்கே டக்டின்மேல் வெப்பத்தடுப்பு உறை சுற்றினால் நிற்கும்.

அடுக்ககத்தில் பொதுவான ஷாஃப்டுக்குள் டக்டை விட்டிருந்தால், நம் சிம்னி ஓடாத நேரத்தில் கீழ்வீட்டுக் கருவாட்டு வாசனை மேலே வரும். ஃபிளாப் எண்ணெய்ப் பிசுக்கில் திறந்தபடி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட வேண்டும். துடைத்தும் வந்தால் புளோயரின் வாயிலும் சுவரிலும் ஆக இரண்டு ஃபிளாப் போடலாம். நிரந்தரத் தீர்வு டக்டை வெளிச்சுவருக்குத் திருப்புவது.

மோட்டார் முனகுகிறது, அல்லது சர்வீஸுக்குப் பிறகு பாதியாகிவிட்டது

சுவிட்சைப் போட்டதும் ஓடாமல் முனகிக்கொண்டே நின்றாலோ, மூன்று வேகமும் ஒன்றுபோல மந்தமாக இருந்தாலோ முதலில் சந்தேகிக்க வேண்டியது கெபாசிட்டரைத்தான். அதே மதிப்புள்ளதை எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள். "கொஞ்சம் கூடப் போட்டால் வேகம் ஏறும்" என்பவரிடம் கொடுத்தால் மோட்டார் சுருள் சூடேறிக் கருகும். இருபது நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் திரும்ப ஓடினால், மோட்டாருக்குள் இருக்கும் வெப்பத் துண்டிப்பான் தன் வேலையைச் செய்கிறது. மரப்பெட்டிக்குள் காற்றுப் புகாமல் மூடி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மோட்டாருக்குப் புதிதாகக் காயில் (கம்பிச் சுருள்) கட்டி வந்த பிறகு சத்தம் பழையபடியே இருந்து, இழுப்பு மட்டும் பாதியாகிவிட்டதா? மோட்டார் எதிர்த்திசையில் சுழல்கிறது. உருளைக்கூடு போன்ற புளோயர் சக்கரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் காற்றை அதே வாய் வழியாகத்தான் தள்ளும், ஆனால் தலைகீழாகச் சுழன்றால் அளவு வெகுவாகக் குறையும். ஆகவே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கூட்டின்மேல் அம்புக்குறி இருக்கும். நிறுத்திய பின் சக்கரம் ஓய்வதைப் பார்த்தால் திசை தெரியும். ஒயர் இரண்டை இடம் மாற்றும் வேலைதான்.

தொட்டால் சுர்ரென்கிறது

உடனே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பட்டறையில் செய்த ஹூட்டுக்கு எர்த் ஒயர் இணைக்க யாரும் நினைப்பதில்லை. புளோயருக்கு எர்த் இருந்தால் மட்டும் போதாது. ரப்பர் புஷ் வைத்து மாட்டியிருந்தால் புளோயரின் எர்த் ஹூட்டுக்கு வந்து சேராது. ஹூட்டின் தகட்டிலேயே தனியாக எர்த் போல்ட் வேண்டும். படிந்த எண்ணெயைச் சூடாக்கி உருக்கும் ஆட்டோ கிளீனை அழுத்தும்போது மட்டும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஹீட்டர் காயிலில் கசிவு இருக்கிறது, ஆர்.சி.சி.பி.யைக் குறை சொல்லாதீர்கள்.

ஆறே மாதத்தில் துருப் புள்ளிகள்

304 தர ஸ்டீல் என்று சொல்லி, மட்டமான 202 தரத்தைப் போட்டிருக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண்: இரண்டிலும் ஒட்டாது. 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். அதைக் காட்டிக்கொடுக்கும் சொட்டுத் திரவம் ஸ்டீல் கடைகளில் கிடைக்கும், 202-ல் அந்தத் துளி சிவந்துவிடும். பெசன்ட் நகர், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் இந்த வேறுபாடு ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

அசல் 304 ஆக இருந்தும் புள்ளி விழுந்தால், சிம்னி மாட்டிய பிறகு டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவினார்களா என்று விசாரியுங்கள். அந்த ஆவி ஒரு மணி நேரம் பட்டாலே போதும். புள்ளிகள் மேலோட்டமாக இருந்தால் ஸ்டீலுக்கான பாலிஷ் பேஸ்ட் போட்டு, இழையோட்டத்தின் திசையிலேயே தேய்த்து எடுக்கலாம். இரும்பு நாரைத் தொடவே கூடாது. அதற்குப் பிறகு எடுத்த வேலைகளில் நான் இந்தத் தலைவலியைத் தவிர்க்க வரிசையையே மாற்றிக்கொண்டேன்: ஹாபின் மாடல் முடிவானதும் அதன் அளவை மேடையில் சாக்பீஸால் வரைந்து, அதற்கு மேல் ஹூட்டின் ஓரத்தைச் சுவரில் குறித்து, 6 அங்குல ஓட்டையை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கோர் கட்டிங் செய்துவிட்டு, ஆசிட் கழுவல், பெயின்ட் எல்லாம் முடிந்த மறுநாள்தான் பட்டறையிலிருந்து ஹூட்டை வரவழைக்கிறேன்.